புகார் கொடுத்தவளுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய குற்றவியல் சட்டங்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ஜாமீன், சிறை நெரிசல், விசாரணைக் கைதிகள் என்று எல்லாம் இருந்தது. எல்லாமே பேச வேண்டிய விஷயம்தான். அடிபட்டவர்களைப் பற்றி மட்டும் கடைசியில் ஒரே ஒரு வரி. அதனால்தான் என் அக்காவின் கதையை எழுதுகிறேன்.

நாங்கள் மும்பை தாராவியில், மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இருக்கிறோம். அக்காவுக்கு இட்லி வியாபாரம். 2021 டிசம்பரில் ஒருநாள், விடியுமுன் பாத்திரத்தோடு 90 அடி ரோட்டுக்குப் போகும்போது ஒரு பையன் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். அக்கா விடவில்லை. பிளேடால் கையைக் கிழித்துவிட்டுப் பாதிச் சங்கிலியோடு ஓடினான். வலது கைப் பெருவிரல் நரம்பு அறுந்துபோனது. இன்றைக்கும் அந்த விரல் மடங்காது. இடது கையில் கரண்டி பிடித்துத்தான் மாவு ஊற்றுகிறாள். இட்லித் துணி பிழிய மகளைக் கூப்பிடுகிறாள்.

பையனைப் பத்தே நாளில் பிடித்தார்கள், சங்கிலியும் கிடைத்தது. அந்த வேகத்துக்குப் போலீஸாருக்கு இன்றும் நன்றி சொல்வேன். அதோடு சரி. புகாரை மராத்தியில் எழுதினார்கள்; என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே அக்கா கையெழுத்துப் போட்டாள். வழக்கு கோர்ட்டுக்குப் போனதே சம்மன் வந்தபோதுதான் எங்களுக்குத் தெரியும். இதுவரை பதினாறு தாரீக், அதாவது கோர்ட் வாய்தா. தாரீக்குக்கு முந்தின ராத்திரி மாவு ஆட்ட மாட்டாள், அன்றைய வருமானம் அதோடு போச்சு. சாட்சிக்கு வருகிறவர்களுக்கு வழிச்செலவு கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதாம். யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

கிடைத்த சங்கிலியோ, கைப்பற்றிய பொருள்களைப் பூட்டி வைக்கும் முத்தேமால் அறையில் கிடக்கிறது. திரும்பக் கேட்டால் ரசீது காட்டு என்கிறார்கள். அம்மாவின் நகையை அழித்துத் திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர் ஆசாரி செய்துகொடுத்த சங்கிலிக்கு ரசீது ஏது? கைப்பற்றிய பொருளைப் போட்டோ எடுத்துக்கொண்டு, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, உரியவரிடம் கொடுத்துவிடலாம், பதினைந்து நாளிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. அக்கா கழுத்தில் இன்றும் மஞ்சள் கயிறுதான். கயிறு நைந்துபோகும்போதெல்லாம் புதிது மாற்றுகிறாள். மாற்றும்போது ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

கோர்ட் வராந்தாவில் அதே பெஞ்சில் இன்னொரு அம்மாவும் உட்கார்ந்திருப்பார். பிடிபட்ட பையனின் தாயார். அவனுக்கு அப்போது வயது பத்தொன்பது. பிணைக்கு ஆள் இல்லாமல் இன்னும் உள்ளேதான் இருக்கிறான். முதல் வருஷம் அக்கா அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். இப்போது இரண்டு பேரும் ஒரே பாட்டில் தண்ணீரைக் குடிக்கிறார்கள். பையனைச் சிறையிலிருந்து கூட்டிவரக் காவலுக்குப் போலீஸ் இல்லை என்று நான்கு தாரீக் தள்ளிப்போனது. அந்த நாலு நாளும் அவனுக்கும் வீண், அக்காவுக்கும் வீண். கைதிக்குச் சலுகையா, பாதிக்கப்பட்டவருக்கு நீதியா என்று டிவியில் சண்டை போடுகிறவர்கள் அந்த பெஞ்சில் ஒருநாள் உட்கார்ந்து பார்க்கட்டும். நாட்டுச் சிறைகளில் நான்கில் மூன்று பேர் தீர்ப்பு வராதவர்கள் என்று 2022-ஆம் ஆண்டின் சிறைப் புள்ளிவிவரம் சொல்கிறது. அவர்களில் எத்தனையோ பேரின் வழக்குக்குப் பின்னால் என் அக்காவைப் போல ஒருத்தி வராந்தாவில் காத்திருப்பாள்.

“அவனை இன்னும் பத்து வருஷம் உள்ளே போட்டா என் விரல் மடங்கிருமா?” என்று அக்கா ஒருநாள் கேட்டாள். அவள் அவனை மன்னித்துவிட்டாள் என்று சொல்லவில்லை. தண்டனை அவனுக்குக் கிடைக்கட்டும், எனக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் அவள் கேள்வி.

அதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. பாதிக்கப்பட்டவருக்கு அரசு நஷ்டஈடு தரும் ஏற்பாடு 2009-ஆம் ஆண்டு இறுதியிலிருந்தே அமலில் இருக்கிறது. 2024 ஜூலை 1-இல் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 396-ஆவது பிரிவு. குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். இரண்டு மாதத்தில் அவர்கள் விசாரித்து முடிக்க வேண்டும். தீர்ப்பு வருவதற்கு முன்பே இடைக்கால நிவாரணமும் கேட்கலாம். எங்களுக்கு இது தெரிந்ததே மூன்றாவது வருஷம், கைதிகளுக்கு இலவச வக்கீல் என்று வராந்தாவில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து விசாரித்தபோது. இலவச வக்கீலுக்கான 1987-ஆம் வருஷச் சட்டத்தில் காவலில் இருப்பவர்களும் பெண்களும் ஒரே பட்டியலில்தான் இருக்கிறார்கள். வருமானம் எவ்வளவு என்று யாரும் கேட்கக் கூடாது. அந்தப் பையனுக்கு வக்கீல் கொடுத்த அதே அலுவலகம் அக்காவுக்கும் கொடுத்திருக்கும்.

உத்தரப் பிரதேசத்தில் விவசாயிகள் மேல் கார் ஏற்றிய லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022 ஏப்ரலில், போலீஸ் விசாரணையிலிருந்து மேல்முறையீடு வரை பாதிக்கப்பட்டவரின் குரல் கேட்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. போலீஸ் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று புதிய சட்டமும் சொல்கிறது, போனில் சொன்னாலும் போதும். அந்தத் தகவல் அவருக்குப் புரிகிற மொழியில் வர வேண்டும். தாராவியில் தமிழில் வரட்டும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கொடுக்கிறார்களே, அதன் பின்பக்கத்தில் நஷ்டஈட்டு மனுவையும் அச்சடித்துக் கொடுத்தால் என்ன? கையில் கட்டோடு ஸ்டேஷனுக்கு வருகிறவள் எந்தச் சட்டத்தைப் படித்துவிட்டு வருவாள்?

அக்கா மனு கொடுத்துவிட்டாள், பதிலுக்காகக் காத்திருக்கிறோம். நீங்கள் ஒரு உதவி செய்ய வேண்டும். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி எண் 15100. இந்தக் கடிதத்தைப் போட இடமில்லாவிட்டாலும் அந்த எண்ணைப் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாராவி, மும்பை.
(வழக்கு நடப்பதால் பெயர் வேண்டாம்)