ஆம்பைக் கழற்றாதே, முதலில் மீட்டரை எடு

அன்புள்ள மச்சான்,

அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். மற்றச் செய்திகளை அப்புறம் எழுதுகிறேன், இப்போது உன் வேனில் பாட்டுச் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) அணைந்து அணைந்து போகிறதே, அதுதான் மனதில் ஓடுகிறது.

ஆம்புக்குப் போகும் வயரின் மெயின் ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று அந்த இடத்தில் கம்பியைச் சுற்றி வைத்திருப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். படித்ததும் பகீரென்றது. இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, முதலில் அந்த வயரைப் பேட்டரியிலிருந்து கழற்று. சீட்டுக்கு அடியில் எங்காவது அது தகட்டில் உரசினால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஃபியூஸ் இல்லாவிட்டால் வயரே பழுத்து எரியும். ஐயப்ப சீசனில் பின்னால் அத்தனை பேர் தூங்கிக்கொண்டு வருவார்கள், மச்சான். பேட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் நல்ல ஹோல்டரும் 60 ஆம்பியர் ஃபியூஸும் போடு. அது போனால் ஏன் போனது என்று தேடு. பெரிய ஃபியூஸ் மாட்டாதே.

ஏன் 60? உன் ஆம்பிலேயே 30 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு இருக்கிறது. 60 ஆம்பியரை 13.8 வோல்ட்டால் பெருக்கு, 828 வாட். உன்னுடையது போன்ற கிளாஸ் டி ஆம்ப் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) அதில் எண்பது சதவீதத்தை ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் 660 வாட். பெட்டியில் போட்டிருக்கும் 2000 வாட்டை நம்பி ஸ்டாண்டு முழுக்கப் பெருமை பேசிக்கொண்டிருக்கிறாயே!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேஸ் (தாழ்ந்த அதிர்வுச் சத்தம்) அடிக்கும்போது ஆம்ப் அணைந்து சிவப்பு விளக்கு வருகிறது, சத்தத்தைக் குறைத்தால் தானே சரியாகிறது என்கிறாய். ஆம்பின் போர்டு போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்று உன்னிடம் சொன்னவர் மல்டிமீட்டர் வைத்தாவது பார்த்தாரா? இப்படித் தானாக மீளும் ஆம்புக்குப் பெரும்பாலும் கோளாறு வெளியேதான். பல ஆம்ப்கள் 10 வோல்ட் அளவுக்கு இறங்கியதும் தம்மைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும்.

இன்ஜினை ஓட்டியபடி, பாட்டுக்குப் பதில் 50 ஹெர்ட்ஸ் டோன் (ஒரே சீராக ஒலிக்கும் தாழ்ந்த சத்தம்) ஒன்றைப் போடு. பாட்டில் பேஸ் வந்து போகும் வேகத்துக்கு மீட்டர் ஈடுகொடுக்காது. ஆம்ப் அணைவதற்குச் சற்று முந்தைய சத்தத்தில் வை. மீட்டர் டிசி 20 வோல்ட்டில் இருக்கட்டும். பேட்டரி முனைகளில் முதலில் பார். 13.5க்கு மேல் நின்றால் ஆல்டர்னேட்டர் சமாளிக்கிறது. 12.5க்குக் கீழே விழுந்தால் பெல்ட், ஆல்டர்னேட்டர், பேட்டரி மூன்றையும் சந்தேகப்படு. ஏசி, ஹெட்லைட் இரண்டும் போட்டு, வண்டி ஐடிலில் நிற்கும்போதும் ஒருமுறை பார்.

அடுத்ததுதான் முக்கியம். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், மறு முனையை ஆம்பின் எர்த் டெர்மினலிலும் வை. சத்தம் ஓடும்போது 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 0.3, 0.5 என்று காட்டினால் எர்த் கெட்டது. அநேகமாக சீட் போல்ட்டில் பெயின்ட்டுக்கு மேலேயே லக்கை (வயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) முறுக்கியிருப்பார்கள். வெறும் தகடு தெரியுமட்டும் சுரண்டி, பாசிட்டிவ் வயர் பருமனிலேயே அரை மீட்டருக்குள் எர்த் கொடு. முறுக்கிய பின் மேலே கிரீஸ் பூசு, துரு பிடிக்காது. பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்குப் போகும் பட்டையையும் பார்.

பாசிட்டிவுக்கும் இதே சோதனை, பேட்டரி பிளஸிலிருந்து ஆம்ப் பிளஸ் வரை. அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. உன் வேனில் வயர் ஆறு மீட்டர் ஓடுகிறது. 10 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 60 ஆம்பியருக்கு 0.66 வோல்ட் விழும். கிட் என்று விற்கிற வயர்களில் பல, செம்பு பூசிய அலுமினியம். அதில் ஒரு வோல்ட்டே போகும். இழை ஒன்றைக் கத்தியால் சுரண்டு, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். 25 சதுர மில்லிமீட்டர் செம்பு வெல்டிங் கேபிள் வாங்கிப் போடு, 0.27 வோல்ட்டோடு முடிந்துவிடும். லக்கை சுத்தியலால் தட்டாமல், அதற்கான கருவியால் அழுத்தி கிரிம்ப் செய்யச் சொல். ஃபியூஸ் ஹோல்டர் சூடானாலும் அதையும் மாற்று.

இதெல்லாம் சரியாக இருந்தும் சிவப்பு வந்தால், ஆம்பை அணைத்து ஸ்பீக்கர் வயர்களையும் ஆர்சிஏவையும் (பாட்டு சிக்னல் வரும் வயர்) பிடுங்கிவிட்டு மறுபடி ஆம்பைப் போடு. சிவப்பு போய்விட்டால் பெரும்பாலும் வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) காயிலோ வயரிலோ ஷார்ட். 4 ஓம் காய் மீட்டரில் மூன்றரை ஓம் அளவில் காட்டும். பிடுங்கியும் போகாவிட்டால்தான் போர்டைச் சந்தேகப்பட வேண்டும்.

அப்போதும் நேரே பேட்டரியில் மாட்டிச் சோதிக்காதே. பிளஸ் வயரில் 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பைத் தொடராகப் போடு. ரிமோட் (ஆம்பை ஆன் செய்யும் சின்ன வயர்) கொடுக்காமலே பல்பு முழுசாக எரிந்தால் பவர் சப்ளை மாஸ்ஃபெட்களோ (ஸ்விட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்கள்), தலைகீழாக மாட்டினால் காக்கும் டயோடோ ஷார்ட். ரிமோட் கொடுத்த பிறகு எரிந்தால் ரெக்டிஃபையர் டயோடையும் அவுட்புட் மாஸ்ஃபெட்களையும் பார்க்கச் சொல். ஒன்று போனாலும் அந்த வரிசை முழுவதையும் ஒரே பேட்ச்சில் (சேர்ந்து தயாரானவை) வாங்கி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புதியதும் சீக்கிரம் போகும். மாஸ்ஃபெட்களை இயக்கும் கேட் ரெசிஸ்டர்களையும் டிரைவர் டிரான்சிஸ்டர்களையும் சோதிக்காமல் விடவே கூடாது. பவர் சப்ளையை இயக்கும் டிஎல்494 ஐசி இருந்தால் 12ஆம் காலில் சப்ளை, 14இல் 5 வோல்ட் வர வேண்டும். 4ஆம் காலில் 3 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பெரும்பாலும் ஐசி நல்லதுதான், பாதுகாப்புச் சர்க்யூட் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. மாஸ்ஃபெட்களை ஹீட்சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) அழுத்தி மாட்டாமல் ஓட்டினால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடிக்கும்.

இன்னொன்று, தம்பி வாங்கப்போகும் பஸ் 24 வோல்ட் என்றாயே. இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுத்து ஆம்புக்குக் கொடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதே. அந்த ஒன்று தேயும், மற்றது அதிகச் சார்ஜில் கொதிக்கும், கடைசியில் இரண்டும் போகும். போதிய ஆம்பியர் தாங்கும் 24க்கு 12 கன்வெர்ட்டர் வைத்தால்தான் சரி. இதை அவனிடம் பேரம் முடிவதற்கு முன் சொல்லிவிடு, அந்தச் செலவும் கணக்கில் வரட்டும்.

எர்த், பாசிட்டிவ், பேட்டரி மூன்று அளவையும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் மச்சான்