பாரசீக எழுத்தை மாத்தணும்னு சொல்றவங்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல, ஈரான்ல பேசற பாரசீக மொழி இப்ப எழுதற அரபு எழுத்தை விட்டுட்டு லத்தீன் எழுத்துக்கு மாறணும்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க, படிச்சதுல இருந்து மனசு ஆறல அதான் எழுதுறேன். துருக்கி 1928ல அரபு எழுத்துல இருந்து மாறின மாதிரி ஈரானும் மாறியிருந்தா ஜனங்க எல்லாம் எப்பவோ எழுதப் படிக்கக் கத்திருப்பாங்கன்னு அதை எழுதினவர் சொல்லியிருக்கார். எனக்கு இதுல துளியும் சம்மதம் இல்ல.

கஷ்டம் இல்லன்னு சொல்ல வரல. நானும் ஃபார்ஸி, அதாவது பாரசீகம், படிச்சவ தான். குறில் சத்தத்தை எழுதவே மாட்டாங்க. மீம், லாம், காஃப்னு மூணு எழுத்து சேர்ந்திருந்தா அது மலெக்னா ராஜா, மொல்க்னா ராஜ்ஜியம், மெல்க்னா சொத்து, மலக்னா வானவர், எதுன்னு முன்னாடி பின்னாடி பார்த்துத்தான் முடிவு பண்ணணும். இசட் சத்தத்துக்கு நாலு எழுத்து, எஸ் சத்தத்துக்கு மூணு, வாயில வரும்போது எல்லாம் ஒண்ணு தான், எழுதும்போது மட்டும் எது எங்கன்னு மனப்பாடம் பண்ணணும். சின்னப் பிள்ளைங்களுக்கு இது பாரம் தான். இந்தக் குறையை ஈரான்லயும் அக்கம்பக்கத்துலயும் ரொம்ப காலமா பேசுறாங்க, 1857லயே ரஷ்ய ஆட்சியில காகசஸ்ல இருந்த எழுத்தாளர் ஆகுந்த்ஸாதே எழுத்தைத் திருத்தணும்னு திட்டம் எழுதி அப்புறம் இஸ்தான்புல் வரைக்கும் கொண்டு போய்க் கொடுத்தார், ஈரான் தூதர் மால்கம் கான் 1885ல, தானே திருத்தின எழுத்துல, பழைய பாரசீகக் கவிஞர் சாஅதியோட குலிஸ்தானையே லண்டன்ல அச்சுப் போட்டுக் காட்டினார்.

ஆனா படிப்பறிவு வராததுக்கு எழுத்து தான் காரணம்னு சொல்றது தப்பு சார். 1976 சென்சஸ்ல ஈரான்ல பாதிப் பேருக்கு மேல எழுதப் படிக்கத் தெரியாது, 2016ல 87 சதவீதம் பேருக்கு மேல தெரியும். எழுத்து அதே எழுத்து தான். கிராமத்துக்கு ஸ்கூல் போச்சு, டீச்சர் போனாங்க, பொம்பளைப் பிள்ளைங்க வாசலைத் தாண்டினாங்க, பெரியவங்களுக்கு எழுத்தறிவு இயக்கம் நடந்துச்சு, அதனால வந்த மாற்றம் இது.

துருக்கியோட ஒப்பிடறதும் பொருந்தல. துருக்கியில எட்டு உயிர் சத்தம், அரபு எழுத்துல அதைப் பிடிக்கறது நெஜமாவே சிரமம். பாரசீகத்துல ஆறு தான், அதுல நெடில் மூணுக்கும் அலிஃப், வாவ், யேன்னு எழுத்து இருக்கு. அரபில இல்லாத சத்தங்களுக்கு பே, சேன்னு நாலு எழுத்தை அவங்களே சேர்த்து 32 ஆக்கிக்கிட்டாங்க.

அரபு எழுத்து அந்நியம், வெளியில இருந்து வந்ததுன்னு கட்டுரையில ஒரு வரி இருக்கு. அப்ப லத்தீன் எங்க இருந்து வந்துச்சாம்? அரபு எழுத்துக்கு முன்னாடி பாரசீகத்துக்கு இருந்த பஹ்லவி எழுத்தும் மேற்காசியாவோட பழைய மொழியான அராமெய்க்ல இருந்து எடுத்தது தான், அதுல ராஜாவைக் குறிக்கற மல்காங்கற அராமெய்க் சொல்லை எழுதி வச்சிட்டு வாயால ஷான்னு படிப்பாங்க, இப்ப இருக்கிறதை விட அது பெரிய தலைவலி.

கட்டுரையில ஒரு வார்த்தை கூட வராதது தஜிகிஸ்தான் பத்தி, எனக்கு அது தான் பெரிய வருத்தம். அவங்க பேசறதும் பாரசீகம் தான். 1920கள் கடைசியில சோவியத் அரசாங்கம் அரபு எழுத்தை எடுத்துட்டு லத்தீனைக் கொடுத்துச்சு, ஜனங்க அதைப் பழகி முடிக்கறதுக்குள்ள 1940 வாக்குல அதையும் எடுத்துட்டு ரஷ்ய மொழிக்கு எழுதற சிரிலிக்கைக் கொடுத்துச்சு, ஒரே ஆள் தன் ஆயுசுக்குள்ள மூணு எழுத்து கத்துக்க வேண்டியதாப் போச்சு. சிரிலிக்ல எல்லா உயிர் சத்தமும் எழுதறாங்க, பிள்ளைங்க சுலபமாப் படிக்கறாங்க, அதை ஒத்துக்கறேன். ஆனா தஜிகிஸ்தான் தலைநகர் துஷன்பேல இருக்கிற ஒரு பையனுக்கு தெஹ்ரான் பாட்டு காதுல கேட்டா புரியும், தெஹ்ரான் பேப்பரைக் கையில கொடுத்தா ஒரு வரி படிக்க முடியாது. பாரசீகக் கவிதைக்கே தகப்பன்னு சொல்ற ருதகி பொறந்தது அவங்க மண்ணுல, அவரோட பாட்டு இருக்கிற பழைய கையெழுத்துப் பிரதியை அவங்க ஊர் டீச்சராலயே படிக்க முடியலன்னா அது எவ்ளோ பெரிய இழப்பு. 1989ல மொழிச் சட்டம் போட்டப்ப பழைய எழுத்தைத் திரும்பச் சொல்லிக் கொடுக்கணும்னு ஆசைப்பட்டாங்க, அப்புறம் உள்நாட்டுப் போர், அந்த ஆசை அப்படியே நின்னு போச்சு. எழுத்தை மாத்தறது ஒரு உத்தரவுல முடிஞ்சிடுது, திரும்பி வர்றதுக்கு வழியே கிடைக்க மாட்டேங்குது.

நான் காயல்பட்டினத்துக்காரி. எங்க உம்மாவோட உம்மா அரபுத்தமிழ்ல எழுதுவாங்க, தமிழ் தான், எழுத்து மட்டும் அரபு, தமிழ் சத்தத்துக்குன்னு புள்ளி வச்ச தனி எழுத்தெல்லாம் அதுல உண்டு. இன்னிக்கி எங்க வீட்டுல அந்தப் புஸ்தகங்கள் பீரோவுல இருக்கு, என் பிள்ளைங்களுக்கு அதுல ஒரு பக்கம் கூட ஓடாது. யாரும் சட்டம் போட்டுத் தடுக்காமலே இப்படி ஆயிடுச்சு. ஆயிரம் வருஷத்து இலக்கியம் வச்சிருக்கிற மொழிக்கு இதை வேணும்னே செய்யச் சொல்றீங்களே. ஷாநாமே 1010ல முடிச்ச காவியம், இன்னிக்கி ஸ்கூல் பிள்ளை அதை எடுத்து வாசிக்கறான், வருஷத்துலயே நீளமான யல்தா ராத்திரியில குடும்பமா உக்காந்து ஹாஃபிஸ்ங்கற கவிஞரோட புஸ்தகத்தைப் புரட்டறாங்க. நம்ம சென்னை கீழ்த்திசைச் சுவடி நூலகத்துல கூட பாரசீகச் சுவடிகள் இருக்கு. புது எழுத்துல எத்தனை புஸ்தகத்தைத் திரும்ப அச்சுப் போட முடியும்? யாரோ தேர்ந்தெடுக்கறது மட்டும் தான் வரும், மத்ததெல்லாம் நிபுணர்களுக்குன்னு ஆயிடும்.

சரி செய்ய வழி இல்லாமலா இருக்கு? குர்து மக்கள் தங்க மொழியோட ஒரு வகையான சொரானிக்கு இதே அரபு எழுத்தை வச்சுத்தான் எழுதறாங்க, ஆனா உயிர் சத்தத்துக்கும் கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் எழுத்து வச்சுக்கிட்டாங்க. பாரசீகத்துல முதல் வகுப்பு புஸ்தகத்துல குறில் குறி போட்டுத்தான் ஆரம்பிக்கறாங்க, அதை இன்னும் சில வகுப்புக்கு நீட்டலாமே. அப்புறம் கம்ப்யூட்டர் விஷயம். பாரசீக 'யே'யும் அரபு 'யே'யும் பார்க்க ஒண்ணு போல இருக்கும், மெஷினுக்கு வேற வேற, தேடினா கிடைக்காது. 'போறேன்'னு அர்த்தம் வர்ற மீரவம்ங்கற ஒரு வினையை சேர்த்து, பிரிச்சு, அரை இடைவெளி விட்டுன்னு மூணு விதமா டைப் பண்றாங்க. இதுக்கு ஈரானோட பாரசீக மொழி அகாடமி விதி போட்டிருக்கு, அது எல்லா கீபோர்டுலயும் ஒழுங்கா வந்தாலே பாதி பிரச்சினை தீரும். பழைய போன்ல பாரசீக கீபோர்டு இல்லாம ஆங்கில எழுத்துல மெசேஜ் அடிச்ச அதே ஜனங்க தான் ஸ்மார்ட்போன் வந்ததும் டெலிகிராம்லயும் இன்ஸ்டாகிராம்லயும் சொந்த எழுத்துல எழுதறாங்க, அவங்களுக்கு எது வேணும்னு இதுலயே தெரியுது.

அடுத்த தடவை இதைப் பத்தி கட்டுரை போட்டீங்கன்னா தயவுசெஞ்சு ஒரு தஜிக் வாத்தியார் கிட்டயும் கேட்டுப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காயல்பட்டினம்