சுடுமல்லி தாங்கும் சோளம் எது என்று விதைப்பையில் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2023 சிறுதானிய ஆண்டிலிருந்து சோளம், கம்பு பற்றி உங்கள் நாளிதழில் நிறைய வருகிறது, நல்ல விஷயம். ஆனால் மானாவாரியில் சோளம் போடுகிறவர்களின் வயிற்றில் அடிக்கிற சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

சோளக்காட்டில் வெள்ளைப் பூவோடு சின்னதாக நிற்கும் அந்தச் செடியைப் பார்த்ததும் களை எடுக்க ஆள் விடுகிறோம், இல்லையென்றால் 2,4-டி களைக்கொல்லி தெளிக்கிறோம். அதற்குள் அந்தப் போகத்தில் நடக்க வேண்டிய கேடு பெரும்பாலும் நடந்து முடிந்திருக்கும். வெளியே தலைகாட்டும் முன்பே பல வாரம் மண்ணுக்குள் சோள வேரில் ஒட்டிக்கொண்டு தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சுகிறது, பயிர் வாடுவதைப் பார்த்து மழை போதவில்லை என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். பூ விதையாகும் முன் பிடுங்குவது அவசியம்தான், ஆனால் அது அடுத்த வெள்ளாமைக்குச் செய்கிற காவல். ஒரு செடி தூசி மாதிரி பல்லாயிரம் விதை போடும், அவை மண்ணில் பத்து வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும்.

அத்தனை வருஷம் கிடக்கிற விதை எப்போது முளைக்கிறது என்பதுதான் முக்கியம். மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறையும்போது சோளத்தின் வேர், தனக்கு உதவும் வேர்ப்பூஞ்சையை அழைக்க ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற பொருளைக் கசியவிடுகிறது. பூஞ்சைக்குப் போட்ட அழைப்பைச் சுடுமல்லி விதையும் கேட்டு முளைத்துவிடுகிறது. சத்தில்லாத மண்ணில் இது அதிகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம், அதாவது ஏற்கெனவே நொந்துபோன காட்டில்தான் பெரிய அடி விழுகிறது.

சுடுமல்லி விதையை அவ்வளவாக முளைக்கத் தூண்டாத சோளத்தைத் தேடி எடுத்தவர் எத்தியோப்பியாவில் பிறந்து அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கெபிசா எஜெட்டா, 2009-இல் உலக உணவுப் பரிசு பெற்றவர். ஆப்பிரிக்காவில் இருக்கும் சுடுமல்லி இன்னும் பெரிய இனம், ஊதாப் பூ, சோளக்காட்டையே விட்டுவிட்டுப் போக வைக்கும். அவர் உருவாக்கிய, சுடுமல்லியைத் தாங்கும் சோள விதை 1990-களில் டன் கணக்கில் ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்குப் போனது. அந்தத் திறனுக்குக் காரணமான மரபணுவை 2017-இல் கண்டுபிடித்தார்கள்: அது செயல்படாத சோளத்தில் வேர்க்கசிவின் வகையே மாறிவிடுகிறது, சுடுமல்லி விதை அதற்கு அவ்வளவாக முளைப்பதில்லை. இன்னொரு வழியும் உண்டு. வேரின் உள்சுவர் தடித்து, ஒட்டுண்ணி உள்ளே புகாமல் தடுக்கும் சோளம் ஒன்று ஆராய்ச்சியாளர்களிடையே என்13 என்ற பெயரில் பிரபலம், அது நம் இந்தியச் சோளம். நம் நாட்டுச் சோளத்தில் இருக்கிற திறனைப் பற்றி நம் விவசாயிக்கே தெரியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சரி, அந்த விதை வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா என்றால், தீராது. எத்தியோப்பியாவிலும் விதையை மட்டும் கொடுத்து நிறுத்தவில்லை, தழைச்சத்து உரமும், மழைநீரைப் பிடித்து வைக்கக் குறுக்கு வரப்பு போட்ட பார் சால்களும் சேர்த்துத்தான் பரிந்துரைத்தார்கள். தாங்கும் ரகத்திலும் சில செடி முளைக்கத்தான் செய்யும், அதை விட்டுவைத்தால் எதிர்ப்பை மீறக்கூடிய சுடுமல்லியே அந்தக் காட்டில் பெருகும். அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் 1956-இல் இந்தக் களையைக் கண்டபோது, மண்ணுக்குள் எத்திலீன் வாயுவைச் செலுத்தி, ஒட்டிக்கொள்ளப் பயிர் இல்லாத நேரத்தில் விதையை முளைக்க வைத்துச் சாகடித்தார்கள். அரசாங்கப் பணத்தில் பல பத்தாண்டுகள் நடந்த வேலை அது, நம்மால் முடியாது. ஆனால் அதே வேலையைப் பருத்தியும் நிலக்கடலையும் ஓரளவு செய்யும், சுடுமல்லி விதையை முளைக்கத் தூண்டும், ஆனால் தம் வேரில் வாழ விடாது. வருஷா வருஷம் சோளத்தையே போடாமல் இவற்றை மாற்றிப் போடுவது நம் கையில் இருக்கிறது.

விதைக் கடையில் கேட்டால் எத்தனை நாள் பயிர், தட்டு எவ்வளவு வரும் என்று சொல்கிறார்கள். சுடுமல்லி தாங்குமா என்று கேட்டால் மருந்து பாட்டிலை எடுத்து நீட்டுகிறார்கள். குருத்து ஈ, அடிச்சாம்பல் நோய்க்கு ரகத்தின் தாங்கும் திறனைச் சொல்கிற மாதிரி சுடுமல்லிக்கும் சோதித்து, விதைப்பையிலும் ரகப் பரிந்துரையிலும் வேளாண் துறை போட வேண்டும். தாங்காது என்றாலும் அதையும் போடட்டும், தெரிந்தே விதைப்போம். நீங்களும் வேளாண் விஞ்ஞானிகளிடம் கேட்டு, சோளத்தில் எந்த ரகம் தாங்குகிறது, எது தாங்கவில்லை என்று ஆடிப்பட்டத்துக்கு முன்பே ஒரு பக்கம் ஒதுக்கி வெளியிடுங்கள். விதை வாங்கிய பிறகு வந்தால் பிரயோஜனமில்லை.

இப்படிக்கு,
மானாவாரி விவசாயி ஒருவர்,
கரூர் மாவட்டம்