களப்பணி லாக்புக்கில் (தினசரி வேலைப் பதிவேட்டில்) கையெழுத்துக் கேட்டு நான்காவது மனு

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா, 16 ஆகஸ்ட் 2023

மதிப்பிற்குரிய அலுவலர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என்று ஆங்கிலத்தில் மூன்று கடிதம் கொடுத்தேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. நீங்கள் தமிழ் வாசிப்பீர்கள் என்று ஆடிக்கூழ் ஊற்றின அன்று கோயிலில் சொன்னார்கள், அதனால் இது தமிழில். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் ஹிக்கின்சன் ஹைவேயும் நான் இருக்கிற யூனிட் 3 பகுதியின் படிக்கட்டுகளும் நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

1. சமூகப் பணி உதவியாளர் லேர்னர்ஷிப்பை (உதவித்தொகையோடு வேலை பழகும் பயிற்சியை) 2022 பிப்ரவரியில் தொடங்கி இந்த ஜனவரியில் முடித்தேன். வகுப்புப் பாடம் எல்லாம் தேறிவிட்டது.

2. களப்பணியில் என்னை மேற்பார்த்த சோஷியல் வொர்க்கர் லாக்புக்கில் பாதிப் பக்கங்களுக்குக் கையெழுத்துப் போடாமலே மாற்றலாகிப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்த அம்மா, "நான் பார்க்காத வேலைக்கு நான் எப்படிப் போடுவது" என்கிறார். நியாயம்தான், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

3. அந்தக் கையெழுத்து இல்லாமல் சான்றிதழ் வராது. சான்றிதழ் இல்லாமல் சமூக சேவைத் தொழில் கவுன்சிலில் பதிய முடியாது. பதியாமல் இந்த வேலை பார்க்கக் கூடாது என்பது 1978ஆம் ஆண்டின் 110ஆம் எண் சட்டம், உங்களுக்குத் தெரியாததா?

4. போடாமல் விட்ட பக்கங்களில் முக்கால்வாசி 2022 ஏப்ரல் வெள்ளத்து நாட்கள். ஐயா, அந்த வாரம் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். மண் சரிந்து வீடு போனவர்கள் ஹாலில் பாய் விரித்துக் கிடந்தார்கள், குழாயில் தண்ணீர் இல்லை, நான் காலையில் போர்வை எண்ணிக் கொடுத்துவிட்டு மத்தியானம் வீடு வீடாகப் போய் யாருக்கு ஐடி புத்தகம் போயிற்று, எந்தப் பாட்டிக்கு பிரஷர் மாத்திரை இல்லை, எந்தப் பிள்ளை யாரோடு இருக்கிறது என்று எழுதி வந்தேன், ராத்திரி கரண்ட் இல்லாமல் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு அதையே லாக்புக்கில் ஏற்றினேன், பக்கம் நனைந்து மை பரவியிருக்கிறது, இப்போது உங்கள் அலுவலகத்தில் ஒருவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு "கசங்கியிருக்கிறதே, சுத்தமாக எழுதிக்கொண்டு வா" என்கிறார். வெள்ளத்தைச் சுத்தமாக எப்படி எழுதுவது?

5. பயிற்சி நிலையத்தைக் கேட்டால் உங்கள் அலுவலகத்தைக் கேள் என்கிறார்கள், அங்கே கேட்டால் பயிற்சி நிலையத்தைக் கேள் என்கிறார்கள். டாக்சிக்குக் கொடுத்தே கை காலி. லேர்னர்ஷிப் பணம் ஜனவரியோடு நின்றுவிட்டது, அம்மாவின் பென்ஷனில்தான் வீட்டில் நாலு பேர் சாப்பிடுகிறோம். அடுத்தவருக்கு அரசாங்க கிராண்ட் (உதவிப் பணம்) பாரம் நிரப்பிக் கொடுத்தவள் இப்போது எனக்கே நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

6. ஏழு மாதம் ஐயா!

மாற்றலாகிப் போனவர் இதே இலாகாவில்தான் வேறு ஆபீசில் இருக்கிறார், ரிட்டயர் ஆகவில்லை. நீங்கள் ஒரு போன் பேசினால் அவர் ஒரு நாள் வந்து போட்டுவிட்டுப் போவார், இல்லை லாக்புக்கை நானே அவரிடம் எடுத்துப் போகிறேன், அதற்கு ஒரு வரி அனுமதி எழுதிக் கொடுங்கள். வேலை போட்டுத் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. செய்த வேலைக்குக் கையெழுத்து, அவ்வளவுதான். தயவு செய்து அதை வாங்கித் தாருங்கள்.

வரும் திங்கட்கிழமை 21ஆம் தேதி காலை எட்டு மணிக்கு லாக்புக்கோடு உங்கள் கதவருகே இருப்பேன். பேனாவும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
யூனிட் 3 பயிற்சியாளர்