ஒரே மதம் இருந்தும் ஏன் பிரிந்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒரு சமூகத்தை இணைப்பது மதச் சடங்குகள்தான், மொழி வெறும் கருவி என்று உங்கள் ஞாயிறு கட்டுரை சொன்னது. 28 ஆண்டுகள் வரலாறு நடத்திய எனக்கு அதை அப்படியே விட மனமில்லை.

1947இல் பாகிஸ்தான் மதத்தின் பெயரால் உருவானது. மறு ஆண்டே, உருது மட்டுமே அரசு மொழி என்று, அன்று பாகிஸ்தானின் பகுதியாக இருந்த கிழக்கு வங்கத்தின் டாக்காவில் அந்நாட்டின் தலைவர் ஜின்னா அறிவித்தார். கிழக்கு வங்கத்து மக்களில் பெரும்பாலோரும் அதே தொழுகை, அதே நோன்பு உள்ளவர்கள்தான். ஆனாலும் 1952 பிப்ரவரி 21 அன்று வங்க மொழிக்காகத் தெருவில் இறங்கிய மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1956இல் வங்க மொழிக்கு அரசியல் சட்டத்தில் இடம் கிடைத்தது. அதற்குள் மனம் விட்டுப் போயிருந்தது. 1971இல் நாடே பிரிந்து, கிழக்கு வங்கம் வங்கதேசமானது. "ஒரே மதம்தானே டீச்சர், அப்புறம் ஏன்?" என்று ஒரு மாணவி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

சரி, மொழி மட்டும் போதுமா? போதாது. ஐரோப்பாவில் உள்ள பொஸ்னியாவில் செர்பியரும் குரோவாசியரும் முஸ்லிம்களும் பேசியது ஏறக்குறைய ஒரே மொழி. 1992 முதல் 1995 வரை அவர்களுக்குள் நடந்த போரை அது தடுக்கவில்லை. இதை மாணவர்களிடம் நான் மறைத்ததே இல்லை.

என் அம்மா இறந்த இரவு, வேறு மதத்தைச் சேர்ந்த பக்கத்து வீட்டு அக்கா விடியும்வரை என் கையைப் பிடித்தபடி பேசிக்கொண்டிருந்தார். வழிபாட்டில் எங்களுக்குப் பொதுவாக எதுவுமில்லை. அவர் பேசிய ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது.

அடுத்த கட்டுரையில் டாக்காவையும் பொஸ்னியாவையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை