வால்பேப்பர் உரிக்கப் போகிறவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வால்பேப்பரின் ஓரம் ஓரிடத்தில் எழும்பி நின்றால் யாருக்கும் கை சும்மா இருக்காது. போகும்போதும் வரும்போதும் ஒரு இழுப்பு. அப்படி இழுத்து, பட்டியும் (சுவரை வழவழப்பாக்கப் பூசும் மாவு) காரையும் சேர்ந்து பெயர்ந்த பிறகு போனில் படம் எடுத்து வந்து காட்டுகிறவர்கள் நிறையப் பேர். அந்த நிலைமையில் நாங்கள் தரக்கூடியது பட்டியும் பிரைமரும்தான். எங்களுக்கு வியாபாரம், உங்களுக்கு வீண் செலவு. அதனால் கை வைப்பதற்கு முன்பே சொல்லிவிடலாம் என்று இந்த மடல்.

வால்பேப்பர் ஒட்டும் பசை பெரும்பாலும் மாவுச்சத்தில் செய்ததாகவோ செல்லுலோஸில் செய்ததாகவோ இருக்கும். தண்ணீரில் கரைத்துத்தான் பூசியிருப்பார்கள். எத்தனை வருடம் ஆனாலும் தண்ணீர் பட்டால் மறுபடி இளகிக் கொடுக்கும். கெட்டுப்போன சுவர்களின் கதையை விசாரித்தால் அநேகமாக இரண்டில் ஒன்றாக இருக்கிறது: ஊறுவதற்குள் சுரண்டியிருப்பார்கள், இல்லாவிட்டால் ஊறக்கூடாத சுவரை ஊற வைத்திருப்பார்கள்.

இரண்டாவதுதான் மோசம். எனவே முதலில் சுவரைத் தட்டிப் பாருங்கள். கல் போலக் கெட்டியாகச் சத்தம் வந்தால் பெரும்பாலும் காரை பூசிய சுவர். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலித்தால் ஜிப்சம் போர்டாக இருக்கலாம். போர்டு என்பது இரண்டு தாள்களுக்கு நடுவே ஜிப்சத்தை அடைத்த பலகை. மேலே ஒட்டிய வால்பேப்பரை நனைக்கிற தண்ணீர் போர்டின் சொந்தத் தாளையும் நனைக்கும். இதை நாங்கள் பட்டுத்தான் கற்றுக்கொண்டோம். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு வீட்டில் நீராவிக் கருவியைப் போர்டுச் சுவரில் வைத்துவிட்டுப் பேச்சு சுவாரசியத்தில் எடுக்க மறந்தோம். வால்பேப்பர் அழகாக வந்தது, கூடவே போர்டின் தாளும் பாளம் பாளமாக வந்தது. எங்கள் செலவில் அந்தப் பலகையை மாற்றிக் கொடுத்தோம். அன்றிலிருந்து போர்டுச் சுவருக்கு நீராவி கிடையாது. காரைச் சுவரிலும் ஒரே இடத்தில் அரை நிமிடத்துக்கு மேல் வைப்பதில்லை.

காரைச் சுவர்தானே என்றும் அலட்சியம் வேண்டாம், மேலே என்ன பட்டி பார்த்திருக்கிறார்கள் என்பது முக்கியம். அலமாரிக்குப் பின்னால் கண்ணில் படாத மூலையில் உள்ளங்கை அளவு உரித்து, ஈர ஸ்பாஞ்சால் ஒரு நிமிடம் ஒற்றிவிட்டு விரலால் தேயுங்கள். விரலில் வெள்ளையாக மாவு ஒட்டினால் அந்தப் பட்டி தண்ணீரில் இளகும் வகை. அங்கே ஸ்ப்ரேயரை எடுக்காமல், பிழிந்த ஸ்பாஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக நனைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். நேரம் இரண்டு மடங்கு ஆகும், ஆனாலும் சுவர் மிஞ்சும்.

சரி, சுவர் தெரிந்துவிட்டது. அந்த அறைக்கு வரும் மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்திவிடுங்கள். வெறும் ஸ்விட்சை அணைத்தால் போதாது, ஸ்விட்ச் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கும் வேலை இது. ஸ்விட்ச் மூடிகளைக் கழற்றி, ஓட்டையை டேப்பால் மூடுங்கள். தரையில் பிளாஸ்டிக் விரிப்பும் அதன் மேல் பழைய துணியும் போடுங்கள். பசை சொட்டிய பிளாஸ்டிக் அநியாயத்துக்கு வழுக்கும்.

தண்ணீரைத் தொடுவதற்கு முன் ஒரு தடவை உலர்ந்தபடியே உரித்துப் பார்ப்பது நல்லது. வினைல் வகைகளில் மேல் தோல் தனியாகக் கழன்று, மெல்லிய அடித்தாள் சுவரிலேயே தங்கும். அடித்தாள் தங்கிவிட்டதே என்று பயப்படாதீர்கள், நல்லதுதான். தண்ணீர் புகாத பகுதி போய்விட்டது. இழுக்கும்போது உங்களை நோக்கி இழுக்காமல், தாளை மடக்கிச் சுவரை ஒட்டினாற்போல் மெதுவாகக் கொண்டுபோங்கள். நேராக வெளியே இழுக்கும்போதுதான் பட்டி பிய்த்துக்கொண்டு வரும்.

அப்புறம்தான் தண்ணீர். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு. சோப்பு இருந்தால் தண்ணீர் தாளின் மேல் உருண்டோடாமல் உள்ளே இறங்கும். வினிகர் கலக்கலாமா என்று கேட்கிறார்கள். சுண்ணாம்புக் காரையை அமிலம் அரிக்கும், அதனால் நாங்கள் சொல்வதில்லை. துணிக்குப் போடும் கண்டிஷனரும் வேலை செய்கிறது என்பார்கள். ஆனால் அது சுவரில் விட்டுப்போகும் வழவழப்பைத் தனியாகக் கழுவ வேண்டும்.

முழுச் சுவரையும் ஒரேயடியாக நனைக்காதீர்கள். கை எட்டும் அகலத்துக்கு, மேலிருந்து கீழாக. நனைத்து, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி நனைத்து, மொத்தம் கால் மணி நேரம் காத்திருங்கள். இந்தக் கால் மணி நேரத்தைத்தான் யாரும் தருவதில்லை. ஊறிய தாள் நிறம் கறுத்து, நகத்தால் தொட்டால் நனைந்த செய்தித்தாள் போலத் துவளும். நகத்துக்கு இன்னும் எதிர்த்து நின்றால் சுரண்டியை எடுக்காதீர்கள், மறுபடி நனையுங்கள்.

சுரண்டுவதற்கு அகலமான பட்டித் தகடு போதும். புதுத் தகடானால் அதன் இரண்டு முனைகளையும் உப்புத்தாளில் தேய்த்து மழுங்கவிடுங்கள், சுவரில் கோடு போடுவது அந்த முனைகள்தான். தகட்டைச் சுவரோடு படுக்கவைத்தாற்போல் பிடித்துத் தாளுக்கு அடியில் நுழைத்துத் தள்ளுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் உளி ஆகிவிடும். முள் சக்கரம் வைத்த பொத்தல் கருவியையும் விற்கிறோம்தான். மேலே பெயின்ட் அடித்த வால்பேப்பருக்கும், தோல் கழலாத வினைலுக்கும் மட்டும் வாங்குங்கள். போர்டுச் சுவரில் அழுத்தி உருட்டினால் நூற்றுக்கணக்கில் பொட்டுகள் விழும். புதுப் பெயின்ட் அடித்து விளக்கைப் போட்டதும் அத்தனையும் தெரியும்.

தாள் போனதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள், பசை இன்னும் சுவரில்தான் இருக்கிறது. ஈரக் கையால் தடவினால் வழவழவென்று இருக்கும். அதன் மேல் பெயின்ட் அடித்தால் வெடிப்பு விடும், செதில் செதிலாக உரியும். வெந்நீரும் ஸ்பாஞ்சுமாக, தண்ணீரை அடிக்கடி மாற்றி, கை சொரசொரப்பை உணரும்வரை கழுவுங்கள். பிறகு குறைந்தது ஒரு நாள் முழுக்கக் காயட்டும், மழைக்காலமானால் இன்னும் கூடுதலாக. போர்டின் தாள் எங்காவது கிழிந்து பழுப்பாகத் தெரிந்தால் அதன் மேல் நேராகப் பட்டி வைக்காதீர்கள், ஈரம் பட்டுக் கொப்புளிக்கும். ஓரங்களைக் கத்தியால் சீவி, தண்ணீர் கலக்காத சீலரை (ஈரம் இறங்காமல் தாளை அடைக்கும் பூச்சு) அடித்துக் காயவிட்ட பிறகே பட்டி.

பின்பக்கம் பசை தடவியே வரும் ஸ்டிக்கர் வகைக்கு இந்த வெந்நீர்க் கதையெல்லாம் செல்லாது. தலைமுடி உலர்த்தும் டிரையரால் ஓரத்தைச் சூடாக்கி, இளகியபடியே மெல்ல இழுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். வீடு பழையதானால், வால்பேப்பருக்கு அடியில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்க வாய்ப்பு உண்டு. அமெரிக்காவிலேயே வீட்டுப் பெயின்டில் ஈயத்தைத் தடை செய்தது 1978-இல்தான். பல நாடுகளில் அதற்கும் வெகு காலம் கழித்து. அடியில் பழைய பெயின்ட் தெரிந்தால் உலர்ந்தபடி உப்புத்தாள் போடாதீர்கள், முதலில் பரிசோதித்துக் கொள்ளுங்கள். குழந்தைகள் இருக்கும் வீடானால் இதில் பேச்சே இல்லை. மற்றொன்று, தாளுக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை கிடந்தால் அது ஓதத்தின் வேலை. ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் பெயின்ட் வாங்க எங்களிடம் வராதீர்கள், விற்கவே மனம் வராது.

இத்தனைக்கும் பிறகு சந்தேகம் இருந்தால், மூலையில் உரித்த அந்த உள்ளங்கை அளவுத் துண்டை மேல் தோலும் அடித்தாளுமாகக் கடைக்கு எடுத்து வாருங்கள். சுவரைத் தட்டியபோது என்ன சத்தம் வந்தது, ஈர விரலில் மாவு ஒட்டியதா என்பதையும் சொன்னால், எதை வாங்க வேண்டாம் என்பது முதற்கொண்டு சொல்லி அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்கள்