வேலிக் கம்பங்களைத் தொட்டுப் பார்த்தவருக்கு

ஹட்டரைட் மக்கள் ஒரே குடும்பம்போல் கூடி வாழும் பள்ளத்தாக்குக் காலனியின் பெரியவர்களுக்கும் அம்மாமாருக்கும் தம்பிமாருக்கும்,

வணக்கம். துணியில் புகை வாடை இன்னும் போகவில்லை. அதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

எங்கள் புல்வெளியில் தீப் பிடித்ததும், நீங்கள் ஓடி வந்து அணைத்ததும் எல்லாருக்கும் தெரியும். கனடாவின் ஆல்பர்ட்டாவில், மில்க் ரிவர் ஆற்றின் வடகரையில் இருக்கும் நாங்கள் முதலில் கைகூப்புவது, மறுநாள் விடிந்ததும் வந்த அந்தப் பெரியவருக்கு. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கறுப்புக் கால்சட்டை, தோள்பட்டை வார், கையில் இரண்டு வாளி, ஒரு மண்வெட்டி. கருகிய வேலியோரமாக நடந்து, ஒவ்வொரு மரக்கம்பத்தின் அடியிலும் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார்.

தீ அணைந்த பிறகு ஏமாற்றுவது இந்தக் கம்பங்கள்தான். மேலே வெறும் கரி. மண்ணுக்கு ஒரு சாண் கீழே கங்கு உயிரோடு இருக்கும். மேலாக ஊற்றினால் ஆவி பறக்குமே தவிர கங்கு அணையாது. மேற்கே சினூக் என்னும் வறண்ட மலைக்காற்று கிளம்பினால் போதும், மறுபடி பொறி பறக்கும். அவர் சூடான கம்பத்தைச் சுற்றித் தோண்டி, கரியைச் சுரண்டி, அரை வாளி தண்ணீர் விட்டுக் குழப்பிச் சேறாக்கினார். ஆறியதும் உச்சியில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. சாயங்காலம் திரும்பி வந்து கோடு போட்டதையெல்லாம் மறுபடி தொட்டார். மூன்றில் இன்னும் சூடு இருந்தது! காய்ந்த சாணத்தைக்கூட விடவில்லை. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

டிஸ்க் கலப்பை ஓட்டிய தம்பிமாரே, நெருப்புக்கு எதிரே போகாமல், எரிந்து முடிந்த பின்பக்கத்தில் தொடங்கி ஓரமாகவே உழுதுகொண்டு வந்தீர்கள். இது வேர் பின்னிய பழைய புல்தரை. ஒரு சால் ஓட்டினால் கொத்துக் கொத்தாகப் புல் நிற்கும், அதன் வழியே தீ ஊர்ந்துவிடும். இரண்டாவது சால்தான் காப்பாற்றியது. தாய்க் காலனி, அதிலிருந்து பிரிந்த மகள் காலனி இரண்டிலிருந்தும் தண்ணீர் லாரி கொண்டுவந்தவர்கள், வைக்கோல் உருளைகளைப் பிரித்துப் போட்டு உள்நெருப்பை அணைத்தவர்கள், நூடுல்ஸ் சூப்பும் பன்னும் அனுப்பிய புள்ளித் தலைத்துணி அம்மாமார், எல்லாருக்கும் நன்றி.

டீசல் காசைக்கூட வாங்க மறுத்துவிட்டீர்கள். தனிச் சம்பளமோ தனிச் சொத்தோ இல்லாதவர்கள் நீங்கள். 1918-இல் போர்க்காலக் கெடுபிடிக்குத் தப்பித் தென் டகோட்டாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள். 1947-இல் இதே ஆல்பர்ட்டா, பழைய காலனிக்கு 40 மைலுக்குள் புதுக் காலனி வரக்கூடாது என்று சட்டம் போட்டது. 1973-இல்தான் அது ஒழிந்தது. அந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கியவர்களில் எங்களைப் போன்ற பண்ணைக்காரர்களும் உண்டு. அது நீடித்திருந்தால் மகள் காலனியின் லாரி அன்றைக்கு எங்கே இருந்திருக்கும்? நினைத்தால் தலை குனிகிறது.

இனி அறுவடை முடிந்த கையோடு வீட்டையும் வைக்கோலையும் சுற்றி இரண்டு சால் ஓட்டி வைப்போம். உருளைகளை ஒரே போராக அடுக்க மாட்டோம். பிக்கப்பில் தண்ணீர்த் தொட்டியும் பம்பும் மண்வெட்டியும் இருக்கும். இரவில் பம்பை வடித்து வைப்போம், உள்ளே நின்ற நீர் உறைந்தால் பம்பே வெடித்துவிடும். உங்கள் பக்கம் புகை தெரிந்தால் கூப்பிடக் காத்திருக்க மாட்டோம்.

பெரியவரின் வாளி ஒன்று எங்கள் வேலியிலேயே தொங்குகிறது. ஞாயிறு கழித்துக் கொண்டுவருகிறோம். வெறும் வாளியாகத் தர மாட்டோம்.

நன்றியுடன்,
வடகரைப் பண்ணைக் குடும்பங்கள்